தோட்ட வீட்டில் மின்சாரக் கார் ஓட்ட முடியுமா?

வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட் தோட்ட வீட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறீர்கள். மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "நிலக்கரியில்தானே கரண்டு வருது, புகை இடம் மாறும், அவ்வளவுதான்" என்கிறார் அப்பா.

அப்பா சொல்வதில் பாதி உண்மை. நம் மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும்தான். ஆனால் பெட்ரோல் காரும் சும்மா இல்லை, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு வரும். பெட்ரோல் இன்ஜினில் சக்தியின் பெரும்பகுதி வெறும் சூடாகவே வீணாகிறது, மின்மோட்டாரில் அப்படி இல்லை. இன்றைக்கு வித்தியாசம் பெரிதில்லைதான், சூரிய மின்சாரம் கூடக்கூட அதே கார் இன்னும் சுத்தமாகும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் மூக்கில் புகை ஏறாது, எனக்கு அதுவே பெரிய விஷயம்.

தூரம் பிரச்சினையே இல்லை. போய்வர 60 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரம் போதும். சாதாரண மூன்று முள் பிளக்கில் இரவு ஐந்து மணி நேரத்தில் ஏறிவிடும்.

நான் பயப்படுவது வயரிங்கைப் பார்த்துத்தான். என் மாமா வீடும் பழைய தோட்ட வீடு. எக்ஸ்டென்ஷன் வயரில் காருக்கு சார்ஜ் போட்டு, மூன்றாம் நாளே சாக்கெட் உருகிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த், மெயின் போர்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். காருக்கென்று தனி லைன் இழுத்தே ஆகவேண்டும். வீடு தோட்டத்துக்குச் சொந்தமா? அப்படியானால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அதெல்லாம் முடியும்வரை காருக்கு முன்பணம் கட்டாதீர்கள். வயர்மேன் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.