சுங்கை சிப்புட்டில் டிப்ஸும் பங்குக் கணக்கும்

தம்பி, மதுரையிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக்கு வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், இங்குள்ள உணவகங்களில் டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும் என்றும், உடன் வேலை செய்பவர்களோடு சாப்பிடப் போனால் கணக்கை எப்படிப் பிரிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

டிப்ஸ் இந்த நாட்டில் கடமையன்று. மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகத்திலோ வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலோ கல்லாவில் சொன்ன தொகையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் யாரும் குறையாக எண்ண மாட்டார்கள். ஒரே கடையில் தினமும் பசியாறுகிறவர், பரிமாறும் பணியாளருக்குத் தீபாவளிக்கு ஒரு அங்பாவ் உறை, அதாவது பணம் வைத்த அன்பளிப்பு உறை, கொடுப்பதுண்டு. எனக்கும் அதுவே பிடித்த முறை. பக்கத்து நகரமான ஈப்போவில் ஓட்டலுக்கோ குளிரூட்டிய உணவகத்துக்கோ போனால் ரசீதின் அடியில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்திருக்கலாம். வரி அரசுக்குப் போவது. 2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கு மட்டும் 6 விழுக்காடாகவே விட்டுவைத்தார்கள். ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாத கடைக்கு அந்த வரி இல்லையாதலால், நம் ஊர்ச் சிறு கடைகளில் அதைக் காண மாட்டீர்கள். சேவைக் கட்டணமோ பணியாளர்களுக்காக வாங்கப்படுவது. அதைக் கொண்டு ஓட்டல்கள் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று 2021-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவைக் கட்டணத்தைக் கட்டிய பிறகு டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம். ரொக்கமாகக் கொடுக்கும்போது 23 ரிங்கிட் 48 சென் என்பது 23.50 ஆனால் ஐயப்பட வேண்டாம். 2008 முதல் 5 சென்னுக்கு முழுமையாக்குவதே நடைமுறை.

பங்கு பிரிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அழைத்தவர் கொடுப்பார் என்பது இங்கே எழுதாத முறை. 'வாங்க, இன்னைக்கு நான் பெலாஞ்சா' (என் செலவு) என்று ஒருவர் சொன்ன பிறகு உங்கள் பங்கை எண்ணி நீட்டினால், அவரோடு ஒட்ட விரும்பாதவர் போலத் தோன்றுவீர்கள். ஆனால் அடுத்த முறை உங்களுடையது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள். ரொட்டி சானாயும் (பரோட்டா போன்றது) தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்தவருக்கு அதே அளவில் திருப்பிச் செய்தால் போதும். பதிலுக்கு நண்டும் இறாலுமாக விருந்து வைத்தால், அதற்கு ஈடுசெய்ய வேண்டிய சங்கடத்தில் அவரை மாட்டிவிடுவீர்கள். சம்பளம் பெரும்பாலும் மாதம் பிறந்து 7-ஆம் நாளுக்குள் வந்துவிடும் என்பதால், அதற்கு முந்தைய வாரத்தில் பெரிய சாப்பாட்டுக்கு ஆள் சேர்க்காமலிருப்பது நல்லது.

கூட்டமாகச் சீனர் உணவகத்துக்குப் போகும்போது தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது வழக்கம். ஒருவர் முழுத் தொகையையும் கட்டுவார். மற்றவர்கள் டூயிட்நவ் என்னும் கைப்பேசிப் பணப் பரிமாற்றம் வழியாக அவருக்கு அனுப்புவார்கள். அன்றிரவே அனுப்பிவிடுங்கள், ஏனெனில் நினைவூட்ட அவருக்கு வாய் வராது. உட்கார்ந்ததும் மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் பல கடைகளில் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சமபங்கு எப்போதும் நியாயமாகிவிடாது. புரட்டாசியில் சைவம் காப்பவர் கீரையும் தவ்வும் (சோயாக் கட்டி) சோறும் மட்டும் உண்டிருக்க, மற்றவர்களின் மீனுக்கும் பியருக்கும் அவரிடம் பங்கு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்டால் அவர் மறுக்காமல் கொடுத்துவிடுவார். அதனாலேயே, கணக்குப் போடுபவர் அவர் பங்கைக் குறைத்துக்கொண்டு மீதியைப் பிரிக்க வேண்டும். மதுவுக்குத் தனி ரசீது கேட்டு வாங்கி, குடித்தவர்களே கட்டட்டும். முஸ்லிம் நண்பர் உடன் வந்தால் ஹலால் கடைக்கே போவார்கள், அந்தப் பேச்சே எழாது.