கார்டு சூடாகிறதா, கேபினெட் சூடாகிறதா? கேள்வி பதில்

கார்த்திக்: அண்ணா, கேம் ஆடும்போது என் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு 82 டிகிரி போகிறது. கார்டின் கூலர் மட்டமா, எல்லாவற்றையும் வைத்திருக்கும் பெட்டியான கேபினெட் மட்டமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

சைடு பேனலைக் கழற்றிவிட்டு அதே கேமை 15 நிமிடம் ஓட்டுங்கள். கார்டு ஃபேன்களை இரண்டு முறையும் ஒரே வேகத்தில் நிறுத்தி வையுங்கள். தானியங்கியில் விட்டால் வெப்பம் இறங்காமல் ஃபேன் வேகம்தான் இறங்கும், எதுவும் புரியாது. ஏழெட்டு டிகிரிக்கு மேல் குறைந்தால் கேபினெட்டில் காற்று வரத்து இல்லை. ஒன்றிரண்டு டிகிரிதான் என்றால் கார்டைப் பாருங்கள்: தூசி, சிப்பிலிருந்து சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருப்பது, போதாத ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடுகள்).

அப்புறம், அறை வெப்பத்தை எழுதவே இல்லையே. 24 டிகிரி ஏசி அறையில் 82 என்பது வேறு, மே மாதம் 38 டிகிரி அறையில் 82 என்பது வேறு. அறையைவிட எத்தனை டிகிரி அதிகம் என்று பார்த்தால்தான் கூலரை எடைபோட முடியும்.

நிவேதா: மூன்று ஃபேன் கார்டு வாங்கினால் நிம்மதிதானே?

ஃபேனை எண்ணி வாங்காதீர்கள். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 ஃபவுண்டர்ஸ் எடிஷனில் (என்விடியாவே வடிவமைத்த கார்டு) இரண்டே ஃபேன், இரண்டு ஸ்லாட் தடிமன், ஆனால் 575 வாட். சர்க்யூட் போர்டை நடுவில் சுருக்கிவிட்டதால் இரண்டு ஃபேனின் காற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்குள் புகுந்து நேராக மறுபக்கம் போய்விடுகிறது. போர்டில் மோதித் திரும்பும் காற்று பாதி வீண். கடையில் கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்தகட்டின் கடைசியில் திறப்பு இருந்து, அதன் வழியே வெளிச்சம் தெரிந்தால் நல்ல அடையாளம். மெமரி சிப்கள் மேல் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை) வைத்திருக்கிறார்களா என்று விமர்சனங்களில் தேடுங்கள்.

செல்வம்: அந்தக் காற்று நேராக சிபியு கூலர் மேல்தானே அடிக்கிறது? பழைய புளோயர் கார்டு சூட்டைப் பின்னாலேயே வெளியே தள்ளிவிடும். அதுதான் ஒழுங்கான வடிவமைப்பு.

கார்டுகளை ஒட்டி ஒட்டி அடுக்கும் ஒர்க்ஸ்டேஷனுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வீட்டுக் கேபினெட்டுக்கு அல்ல. புளோயரில் ஒரே சின்ன உருளை ஃபேன், குறுகலான தகடுகள். 2013இல் ஏஎம்டி ஆர்9 290எக்ஸ் அந்த வடிவத்தில் 95 டிகிரியிலேயே ஓடும்படி வந்தது, சத்தமும் அதிகம். என்விடியா 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு தன் ஃபவுண்டர்ஸ் கார்டுகளில் அதைக் கைவிட்டது.

கணக்கையும் பாருங்கள். கார்டு 320 வாட், சிபியு 130, ஆக 450. கேபினெட் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்றால் நொடிக்குச் சுமார் 37 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். 60 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 60 கன அடி காற்று) ஃபேன் என்றால் நொடிக்கு 28 லிட்டர். ஃபில்டருக்குப் பின்னால் அதில் பாதி கிடைக்கும் என்று வைத்தாலும் முன்னால் மூன்று ஃபேன் போதும்.

செல்வம்: முன்னால் முழுக் கண்ணாடி வைத்த கேபினெட்டில் அந்தப் பாதியும் வராது சார்.

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கண்ணாடி முகப்பு வேண்டாம் என்று எப்போதும் சொல்கிறேன். வலை முகப்பு வாங்குங்கள்.

ரஹ்மான்: செல்வம் சார் சொல்வதுபோல், சூட்டைக் கேபினெட்டுக்குள்ளேயே விடும் இந்தத் திறந்த கூலர் கார்டு போட்டபின் என் சிபியு 6 டிகிரி ஏறியது.

ஏறும், மறுக்கவில்லை. கேபினெட்டின் மேல்பக்கம் பின்மூலையில் வெளியேற்றும் ஃபேன் ஒன்று வைத்துப் பாருங்கள், கார்டிலிருந்து மேலே வரும் சூடு அங்கேயே போய்விடும். 6 டிகிரிக்காகப் புளோயரின் ஜெட் விமானச் சத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவர என்னால் சிபாரிசு செய்ய முடியாது.

தினேஷ்: 78 டிகிரி ஓகேவா அண்ணா?

அறை வெப்பம்? சைடு பேனல் சோதனை?

மீனா: ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பில் மிகச் சூடான இடம், சராசரியைவிட 35 டிகிரி அதிகம் காட்டுகிறது.

இது நல்ல கேள்வி. சிப்பும் ஹீட்சிங்கும் சரியாகத் தொடவில்லை, அல்லது பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. வாரன்டி இருந்தால் நீங்களே பிரிக்காதீர்கள். கேபினெட்டைப் படுக்கவைத்தும் ஒருமுறை பாருங்கள். ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வந்த புதிதில், ஏஎம்டியின் சொந்த வடிவமைப்புக் கார்டுகள் சிலவற்றில் வேப்பர் சேம்பருக்குள் (நீராவியால் சூட்டைப் பரப்பும் மூடிய உலோகத் தட்டு) நீர் போதாமல் 110 டிகிரி தொட்டது. அப்படிப்பட்ட கோளாறில் கார்டு இருக்கும் நிலையை மாற்றினால் வெப்பமும் மாறும்.

பிரபு: கார்டின் பவர் கேபிள் உருகுமா?

அது கூலர் விஷயமில்லை. பிளக் கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா பாருங்கள், மற்றதைப் பவர் சப்ளை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

அருண்: 85 டிகிரி, ஆபத்தா?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. அறை வெப்பம் இல்லாத கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கார்த்திக்: பார்த்துவிட்டேன் அண்ணா. அறை 34. ஃபேன் ஒரே வேகம். மூடினால் 82, திறந்தால் 71.

11 டிகிரி! கார்டு நன்றாக இருக்கிறது, விற்றுவிடாதீர்கள். இப்போது சைடு பேனலை மாட்டிவிட்டு, முகப்பை மட்டும் கழற்றி ஓட்டுங்கள். 73 பக்கம் வந்தால் முகப்புதான் மூச்சை அடைக்கிறது.