நிறுத்தி வச்ச வண்டியில கரண்ட் குடிக்கிறது யாரு? பேட்டரி கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்வி எல்லாத்துலயும் ஒரே அழுகை தான், "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு தான் வச்சேன், ஆனா பேட்டரி செத்துப்போச்சு". ஆஃப் பண்றது வேற, கரண்டை கட் பண்றது வேறங்க. கிருஷ்ணகிரியில பேட்டரி வேலை பாக்குற எனக்கு பாதி வருமானமே இந்த வித்தியாசம் தெரியாதவங்களால தான் வருது, இதை சொல்லித்தர்றது என் பொழப்புல நானே மண் அள்ளிப் போடுற மாதிரி, பரவால்ல.

அண்ணா, நான் காவேரிப்பட்டணம். மச்சானுக்கு நாகப்பட்டினத்துல விசைப்படகு இருக்கு. மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு போய் பாத்தா ஒரு பேட்டரி சுத்தமா டவுன், இன்னொன்னு நல்லா இருக்கு. எப்படி?

உங்க ஊர் பேர்ல காவிரியும் இருக்கு பட்டணமும் இருக்கு, ஆனா ஓடுறது தென்பெண்ணை, படகு கேள்வி அங்கிருந்து வரும்னு நான் எதிர்பாக்கல. சரி விஷயத்துக்கு வரேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு சும்மா நிக்குது. வயர்லெஸ் செட் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாலே 0.3 ஆம்பியர் கிட்ட இழுக்கும், ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியில இருக்குற கரண்டை அளக்குற கணக்கு), அப்போ 100 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு வாரத்துல பாதி, ரெண்டு வாரத்துல காலி. ஆழம் பாக்குற எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ் எல்லாம் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணாலும் சிலது உள்ள கொஞ்சம் குடிச்சிட்டே தான் இருக்கும்.

ஒண்ணு மட்டும் ஏன் செத்துச்சுன்னா, படகுல ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை சேர்த்து 24 வோல்ட்டா ஓட்டுவாங்க, அதுல ஒரு பேட்டரியில மட்டும் 12 வோல்ட் தனியா இழுத்து செட்டுக்கு குடுத்திருப்பாங்க. நம்ம ஊர் லாரியில பாட்டு செட்டுக்கு பண்ற அதே வேலை. அது தப்பு, 24ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் வச்சு தான் எடுக்கணும்.

மச்சான்கிட்ட சொல்லுங்க, பேட்டரி பக்கத்துலயே ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போடணும், கரை ஏத்துனா அதை திருப்பி எல்லாத்தையும் அறுத்துடணும். ஆனா படகு தண்ணியிலேயே கட்டி நிக்குதுன்னா அடியில சேர்ற தண்ணியை வெளியேத்துற பம்ப்பை மட்டும் அறுக்கக் கூடாது, அதுக்கு தனி லைன், தனி ஃப்யூஸ், கூடவே சார்ஜ் அளவைப் பாத்துக்கிற கன்ட்ரோலரோட ஒரு சின்ன சோலார் பேனல். பேட்டரியை காப்பாத்தப் போய் படகு முங்கிடப் போகுது.

ஓசூர்ல இருந்து கேக்குறேன். கார் 40 நாள் நின்னுச்சு, திரும்பி வந்து சாவி போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டும் தான். பேட்டரி வாங்கி ஆறு மாசம் கூட ஆகல. டூப்ளிகேட்டா சார்?

டூப்ளிகேட்டா இருக்காது தம்பி. சாவி எடுத்து லாக் பண்ண கார் கூட 20ல இருந்து 50 மில்லி ஆம்பியர் இழுக்கும், அலாரம், கம்ப்யூட்டர் மெமரி எல்லாத்துக்கும் அது வேணும். 50 மில்லின்னா நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர், 35 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு மாசத்துல படுத்துடும். இதுக்கு மேல வெளியில மாட்டுன கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர் இருந்தா கேக்கவே வேணாம்.

யார் குடிக்கிறாங்கன்னு நீங்களே பிடிக்கலாம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர்ல வச்சு சிவப்பு வயரையும் அந்த 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்துங்க, பேட்டரியோட நெகட்டிவ் வயரை கழட்டி அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மீட்டரை வைங்க, கதவெல்லாம் சாத்தி சாவியை வீட்டுக்குள்ள வச்சிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்க. ஆரம்பத்துல எக்கச்சக்கமா காட்டும், பயப்படாதீங்க, கார் தூங்கணும். அதுக்கப்புறமும் 50 மில்லிக்கு மேல இருந்தா ஃப்யூஸ் ஒவ்வொண்ணா பிடுங்குங்க, எதைப் பிடுங்கும்போது டபக்னு இறங்குதோ அது தான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, நான் தொழில் கத்துக்கிட்ட புதுசுல பண்ணி, ஓசி வாங்குன மீட்டர் புகைஞ்சு போச்சு, ஓனர்கிட்ட வாங்குன திட்டு இன்னும் காதுல இருக்கு.

ஒரு மாசத்துக்கு மேல ஊர்ல இல்லன்னா நெகட்டிவ்வை கழட்டிட்டு போங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது கடைசில.

பர்கூர் பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரி. சீசன்ல மூணு மாசம் தான் ஜெனரேட்டர் வேலை. வருஷா வருஷம் சீசன் ஆரம்பத்துல பேட்டரி மாத்துறோம்.

உங்களுக்கு பேட்டரி வித்தவரு சந்தோஷமா இருப்பாரு. ஆட்டோ ஸ்டார்ட் பேனல் வச்ச ஜெனரேட்டர்னா அந்த பேனல் 24 மணி நேரமும் பேட்டரியில இருந்து தான் உயிரோட இருக்கும், இழுத்ததை ஈடு கட்ட ஈபி கரண்ட்ல ஓடுற ஒரு சார்ஜரும் கூடவே இருக்கும். சீசன் முடிஞ்சதும் கரண்ட் பில்லுக்கு பயந்து மெயினை இறக்கிடுவீங்க, சார்ஜர் நின்னுடும், பேனல் மட்டும் குடிச்சிக்கிட்டே இருக்கும். ஒன்னு சார்ஜர் லைனை மட்டும் விட்டு வைங்க, இல்ல பேட்டரியை கழட்டிடுங்க. கழட்டி வச்ச பேட்டரியும் தானாவே கொஞ்சம் இறங்கும், தகர ஷீட் ஷெட்டுக்குள்ள சூட்டுல இன்னும் வேகமா இறங்கும், அதனால நிழல்ல வைங்க, மாசம் ஒருக்கா மீட்டர் வச்சுப் பாருங்க. முழு சார்ஜ்னா 12.6 வோல்ட், 12.4க்கு கீழ வந்தா சார்ஜ் போடுங்க, 12.2ன்னா பாதி தான் இருக்கு. காலியா கிடந்தா பிளேட்ல சல்பேட் கெட்டியா படிஞ்சிடும், அதுக்கப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏத்துனாலும் பழைய தெம்பு வராது.

சிமெண்ட் தரையில வச்சா பேட்டரி இறங்கிடும்னு தாத்தா பலகை போடச் சொல்றாரு. நெசமா? (அரூர்)

அந்தக் காலத்து பேட்டரி பெட்டிக்கு அது சரி. இப்ப வர்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு தரை ஒரு பிரச்சனையே இல்ல. ஆனா மேல ஈரமும் அழுக்கும் படிஞ்சிருந்தா ரெண்டு முனைக்கும் நடுவுல மெல்ல கரண்ட் ஓடும், தொடச்சு வைங்க. தாத்தாவுக்காக பலகையும் போடுங்க, காசா பணமா.

தேன்கனிக்கோட்டை. யானைக்கு போட்ட சோலார் வேலி, ராகி அறுத்தாச்சு. பேட்டரியை என்ன பண்ண?

வேலி மெஷினை மட்டும் ஆஃப் பண்ணிட்டு பேனலை அப்படியே விடுங்க, கன்ட்ரோலர் குடிக்கிற கொஞ்சத்தை வெயில் ஈடு கட்டிடும், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் பாத்துக்கோங்க. திருட்டு பயம், வீட்டுக்கு எடுத்துட்டு போகணும்னா முதல்ல பேனல் வயரை கழட்டுங்க, அப்புறம் தான் பேட்டரி. மாட்டும்போது பேட்டரி முதல்ல.

வாரம் ஒருக்கா டிராக்டரை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதுமா?

போதாது. செல்ஃப் அடிக்கும்போது போன கரண்டே அந்த அஞ்சு நிமிஷ ஐட்லிங்ல சரியா திரும்பாது, டீசல் தான் வேஸ்ட். அரை மணி நேரம் ஓட்டுங்க, முடியலைன்னா ஸ்பேனரை எடுத்து நெகட்டிவ்வை கழட்டுங்க, ரெண்டு நிமிஷ வேலை.