வாளித் தண்ணீரும் கைபேசி விளம்பரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2014-ஆம் ஆண்டில், ஏ.எல்.எஸ். என்ற நோய்க்காக நிதி திரட்டத் தலையில் பனித் தண்ணீரைக் கொட்டிக்கொள்ளும் ஐஸ் வாளிச் சவால் உலகெங்கும் பரவியபோது, மனிதர்களுக்குப் பதிலாக ஒரு கைபேசியின்மேல் பனித் தண்ணீரைக் கொட்டிய காணொளி ஒன்று வந்தது. அதைத் தொண்டு என்று கொள்வதா, விளம்பரம் என்று கொள்வதா?

பதில்: விளம்பரம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த ஆண்டு ஆகஸ்டில் சாம்சங் நிறுவனத்தின் பிரிட்டன் கிளை அதை வெளியிட்டது. பனிக்கட்டி கலந்த தண்ணீரில் நனைந்த கேலக்ஸி எஸ்5 கைபேசி, அடுத்ததாகச் சவாலை ஏற்கும்படி ஐபோன் 5எஸ், ஹெச்.டி.சி. ஒன் எம்8, நோக்கியா லூமியா 930 ஆகிய மூன்று கைபேசிகளை அழைத்தது. எஸ்5-க்குத் தூசும் தண்ணீரும் புகாமல் காப்பதைக் குறிக்கும் ஐ.பி.67 என்ற தரமதிப்பு இருந்தது. அழைக்கப்பட்ட மூன்றும் போட்டி நிறுவனங்களின் தயாரிப்புகள், அவற்றில் ஒன்றுக்கும் அந்தத் தரமதிப்பு இல்லை.

அந்த அழைப்புதான் எனக்கு உறுத்துகிறது. ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்களைப் படிப்படியாக அழிக்கும் நோய். முதலில் கையோ காலோ தளர்கிறது, பிறகு பேச்சு குழறுகிறது, விழுங்க முடியாமல் போகிறது, இறுதியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன. இந்த நோய்க்கு ஆளான பீட் ஃபிரேட்ஸ், பேட் க்வின் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்களும் அவர்களுடைய நண்பர்களும்தான், முன்பே வேறு நோக்கங்களுக்காகச் சுற்றிவந்த வாளிச் சவாலை ஏ.எல்.எஸ். நோய்க்கான சவாலாக ஊரறியச் செய்தார்கள். ஒருவர் நனைகிறார், நன்கொடை கொடுக்கிறார், இன்னும் சிலரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அழைக்கப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் நனையவோ நன்கொடை கொடுக்கவோ வேண்டும் என்பதே ஏற்பாடு. அடுத்த நன்கொடையாளரைக் கூட்டிவருவதற்காகவே அந்த அழைப்பு இருந்தது. மூன்று கைபேசிகளை அழைத்தால் யார் கொடுப்பார்கள்? சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிட்டது; அதன் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, போட்டியாளரின் பொருள் தண்ணீர் தாங்காது என்று சொல்வதற்கு அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு நிறுவனம் திரைக்குப் பின்னால் நன்கொடை கொடுத்திருந்தாலும், பார்ப்பவரின் மனத்தில் அந்தக் காணொளி பதியவைப்பது நோயை அல்ல, கைபேசியைத்தான்.

கேள்வி: இருந்தாலும், தண்ணீரைக் கொட்டியபின் அந்தக் கைபேசி வேலை செய்ததே! அது நல்ல சோதனை இல்லையா?

பதில்: பார்வைக்குப் பெரிய சோதனை, உண்மையில் சிறிய சோதனை. ஐ.பி. என்ற குறியீடு ஐ.இ.சி. 60529 என்னும் பன்னாட்டுத் தரநிலையிலிருந்து வருவது. அதன் முதல் எண் தூசு முதலான திடப்பொருளுக்கு எதிரான காப்பைக் குறிக்கிறது. 6 என்பதே அதில் உச்சம். இரண்டாவது எண் தண்ணீருக்கானது. 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் வாயிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு உள்ளே நீர் புகாது. 8 என்பது அதைவிடக் கடுமையான மூழ்கல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டும். அதனால்தான் ஒரே ஐ.பி.68 எண்ணைத் தாங்கிய இரண்டு கைபேசிகளில், கேலக்ஸி எஸ்7 போன்ற ஒன்று 1.5 மீட்டருக்கும் ஐபோன் 12 போன்ற இன்னொன்று 6 மீட்டருக்கும், இரண்டும் 30 நிமிடத்துக்கு, உறுதி பெற்றிருக்கின்றன. எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

ஒரு வாளித் தண்ணீர் சில நொடிகளில் வழிந்து ஓடிவிடுகிறது. அரை மணி நேரம் மூழ்கிக் கிடக்கும் தகுதி பெற்ற கருவிக்கு அது பொருட்டே அல்ல; அந்தத் தகுதி பெறாத கைபேசியும் நல்வாய்ப்பு இருந்தால் அதிலிருந்து தப்பிவிடக்கூடும். ஆகவே அந்தக் காட்சி எஸ்5-இன் உண்மையான வலிமையையும் காட்டவில்லை, மற்றவற்றின் பலவீனத்தையும் நிறுவவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 7-ஆம் எண்ணுக்கான சோதனையை அசையாத நன்னீரில் செய்கிறார்கள். தண்ணீரின் வெப்பநிலைக்கும் கருவியின் வெப்பநிலைக்கும் இடையே 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது விதி. கைச்சூட்டில் இருக்கும் கைபேசியைப் பனித் தண்ணீரில் நனைப்பது அந்த விதிக்கு உள்ளேயே வராது. சூடான கருவி சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலுள்ள ஈரத்தை இடுக்குகளின் வழியே உறிஞ்சப் பார்க்கும். குளியலறை நீராவியிலும் வெந்நீரிலும் கைபேசியைக் காட்ட வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுவதும் சோதனைக்கு வெளியே உள்ள நிலைமைகளைக் கருதித்தான்.

எஸ்5-ஐக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். அதன் பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றி பேட்டரியை மாற்றலாம். மூடியின் உட்புறத்தில் மெல்லிய ரப்பர் வரம்பு ஒன்று ஓடும். சார்ஜ் செய்யும் துளைக்குச் சிறிய மடிப்பு மூடி தனியாக உண்டு. சார்ஜரைக் கழற்றியவுடன், மூடியைச் சரியாக அழுத்தி மூடும்படி திரையில் ஒரு நினைவூட்டல் வரும். அந்த ரப்பரில் ஒரு மணல் துகளோ தலைமுடியோ சிக்கியிருந்தால் ஐ.பி.67 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். தண்ணீர்க் காப்பு எவ்வளவு நுட்பமான, நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஏற்பாடு என்பதை அந்தக் காணொளியைவிட அந்த நினைவூட்டல் நேர்மையாகச் சொன்னது.

கேள்வி: ஐ.பி.68 கைபேசி என்றால் குழாயடியில் கழுவலாமா? நீச்சல் குளத்துக்குள் கொண்டுபோய்ப் படம் எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மூழ்கலைத் தாங்கும் கருவி பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று தரநிலை சொல்லவில்லை; அவை தனித்தனிச் சோதனைகள். இரண்டிலும் தேறியவை என்பதைக் காட்டவே சோனி தன் எக்ஸ்பீரியா வரிசையில் சில கைபேசிகளுக்கு ஐ.பி.65, 68 என்று இரண்டு எண்களையும் சேர்த்து அறிவித்தது. அதே சோனி பின்னர் தன் கைபேசிகளை நீருக்கடியில் பயன்படுத்த வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது.

குளத்து நீரில் குளோரின் இருக்கிறது, கடல் நீரில் உப்பு இருக்கிறது. இரண்டும் சார்ஜ் செய்யும் துளையிலுள்ள உலோக முனைகளை அரிக்கும். அந்தத் துளை ஈரமாக இருக்கும்போது சார்ஜரைச் செருகினால், மின்சாரம் பாயப் பாய அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். சோப்பு வேறு வகையில் கெடுதல் செய்கிறது. ஒலிபெருக்கிக்கும் மைக்குக்கும் முன்னால் மிக நுண்ணிய துளைகளைக் கொண்ட சல்லடை இருக்கும். நீரின் பரப்பு இழுவிசைதான் நீரை அந்தத் துளைகளில் நுழையவிடாமல் நிறுத்திவைக்கிறது. சோப்பு அந்த இழுவிசையைக் குறைத்துவிடுவதால், சுத்தமான தண்ணீர் புகாத இடத்தில் சோப்புத் தண்ணீர் புகுந்துவிடும்.

கேள்வி: தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, தண்ணீர் புகுந்து பழுதானால் வாரன்டி கிடையாது என்று கைவிரிக்கிறார்களே, இது முறையா?

பதில்: முறையல்ல. சில நாடுகளில் அதிகாரிகளும் நீதிமன்றங்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். கைபேசிகளைக் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை ஏற்படுத்தும் விளம்பரங்களை வெளியிட்டதற்காக, ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2019-இல் சாம்சங்கின் ஆஸ்திரேலிய நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. அந்தத் தண்ணீரில் நனைந்தபின் சார்ஜ் செய்தால் துளை அரித்துக் கைபேசி பழுதாகும் வாய்ப்பு இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 ஜூனில் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அசையாத சுத்தமான நீரில், ஆய்வக நிலையில் மட்டும் உண்மையாகும் ஒரு தன்மையைத் தெளிவான விளக்கமின்றி விளம்பரம் செய்ததும், திரவத்தால் நேரும் பழுதுக்கு வாரன்டி இல்லை என்று ஒதுங்கிக்கொண்டதும் அங்கே குற்றமாகக் காணப்பட்டன.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பசையும் ரப்பரும் நாளாக நாளாகத் தளர்கின்றன. ஒருமுறை கீழே விழுந்து கைபேசியின் சட்டகம் மயிரிழை வளைந்தாலும், திரையை மாற்றும்போது பழைய பசையைச் சரியாக நீக்காவிட்டாலும் காப்பு போய்விடும். சோதனை புதிய கருவியில் நடப்பது. பயன்படுத்துபவரிடம் இருப்பதோ இரண்டு ஆண்டு பழகிய கருவி. இதையெல்லாம் வாரன்டித் தாளின் பொடி எழுத்தில் ஒளித்துவைக்காமல், குளத்தில் குதிக்கும் காட்சியைக் காட்டும் அதே விளம்பரத்தில் அதே அளவு எழுத்தில் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. சிம் தட்டு செருகும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்: பல கைபேசிகளில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். ஈரம் பட்டால் அது சிவப்பாகும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: வணிக நோக்கமே இருந்தாலும் ஒரு நோயைப் பற்றி நாலு பேருக்குத் தெரிகிறதே, அதில் என்ன தவறு? அந்தச் சவாலால் நோயாளிகளுக்கு உண்மையில் பயன் கிடைத்ததா?

பதில்: பயன் கிடைத்தது, இதில் எனக்கு ஐயமே இல்லை. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு அந்த ஒரு கோடையில் ஏறத்தாழ 11.5 கோடி டாலர் வந்து சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பெற்ற பன்னாட்டு மரபணு ஆய்வு, நெக்1 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 2016-இல் வெளிக்கொண்டுவந்தது. எல்லாமே வெற்றியாக முடிந்தன என்றும் சொல்ல முடியாது. ரெலிவ்ரியோ என்ற மருந்தின் ஆய்வுக்கும் அந்தச் சங்கம் உதவியது. 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அந்த மருந்து, பெரிய அளவிலான இறுதிக்கட்ட ஆய்வில் பயன் காட்டாததால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சி இப்படித்தான் நகர்கிறது. ஃபிரேட்ஸ் 2019-இலும் க்வின் 2020-இலும் காலமானார்கள். மரபணுச் செய்தி வந்தபோது இருவரும் உயிரோடு இருந்தார்கள் என்பது எனக்குச் சிறு ஆறுதல்.

இந்தப் பணம் எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நனைந்தவர்கள் நோயின் பெயரைச் சொன்னார்கள், எங்கே கொடுப்பது என்றும் சொன்னார்கள். அந்த இரண்டும் உள்ள இடத்தில் ஒரு நிறுவனம் தன் பெயரையும் போட்டுக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. 1983-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், தன் அட்டையை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் 1 சென்ட் வீதம் சுதந்திர தேவி சிலையின் சீரமைப்புக்குத் தருவதாக அறிவித்தது. 17 லட்சம் டாலர் சேர்ந்தது, அட்டையின் புழக்கமும் கூடியது. கணக்கு எல்லாருக்கும் தெரிந்த கணக்கு என்பதால் அங்கே மறைவு ஏதுமில்லை.

துன்பத்தையே விளம்பரப் பலகையாக்கும்போதுதான் மனம் கசக்கிறது. 2011 மார்ச்சில் ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய மறுநாள், மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறி, தன் ட்விட்டர் பதிவைப் பகிரும் ஒவ்வொருவருக்கும் 1 டாலர் வீதம், 1 லட்சம் டாலர் வரை தருவதாக எழுதியது. மக்கள் கொதித்தார்கள், நிறுவனம் மன்னிப்புக் கேட்டு முழுத் தொகையையும் கொடுத்தது. 2013-இல் பிரிட்டனில் கெல்லாக்ஸ், ஒரு பகிர்வுக்கு ஓர் ஏழைக் குழந்தையின் காலை உணவு என்று எழுதி, அதேபோல் மன்னிப்புக் கேட்டது. கொடுப்பதற்குப் பணம் இருக்கிறது, தேவை கண்முன் இருக்கிறது. இடையில் நம் பகிர்வை எதற்குப் பிணையாக வைக்க வேண்டும்? என் கோபம் அதன்மேல்தான்.

தொண்டு அமைப்புகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. ஐஸ் வாளிச் சவால் என்ற பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்ய ஏ.எல்.எஸ். சங்கம் 2014-இல் விண்ணப்பித்தது. கண்டனம் எழுந்ததும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

கேள்வி: இப்படிப்பட்ட பிரசாரம் ஒன்று வந்தால் பகிர்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பெறும் அமைப்பின் பெயர், தொகை அல்லது விகிதம், உச்சவரம்பு, முடியும் நாள். இந்த நான்கும் பதிவிலேயே இருந்தால் நம்பிப் பகிரலாம். இல்லாவிட்டால் பதிவை விட்டுவிட்டு, உங்களால் இயன்றதை அந்த அமைப்புக்கு நேரடியாக அனுப்புங்கள்.

கேள்வி: என் கைபேசி தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசிக்குள் புதைத்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அரிசியின் துகள்கள் துளைக்குள் போய்க் கெடுதல் செய்யக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. கைபேசியை அணைத்து, உறையைக் கழற்றி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஹேர் டிரையர் காட்டாதீர்கள், துளைக்குள் பஞ்சுக் குச்சியை நுழைக்காதீர்கள். உப்பு நீரிலோ சோப்பு நீரிலோ விழுந்திருந்தால், தண்ணீர்க் காப்புள்ள கைபேசியாக இருக்கும் பட்சத்தில், முதலில் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசிவிட்டு உலரவிடலாம். துளை முழுவதும் உலர ஒரு நாள்வரை ஆகலாம். அதுவரை சார்ஜரைச் செருக வேண்டாம்.