நீரிழிவு இல்லாத அப்பாவுக்கு வார்டில் சர்க்கரை 11 காட்டுவது ஏன்?

நிமோனியாவோடு சேர்த்திருக்கிறீர்கள், அதுவே காரணமாக இருக்கலாம். (ஊரில் கேட்டால் 18ஆல் பெருக்கிச் சொல்லுங்கள், சுமார் 200. சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு, ஊரில் மில்லிகிராம் கணக்கு.) கடும் நோயில் கார்டிசோல், அட்ரினலின் என்ற அழுத்த ஹார்மோன்கள் எகிறும், கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும், இன்சுலின் பேச்சு எடுபடாது. நோய் முற்ற முற்ற இதுவும் ஏறும். அதனால்தான் நீரிழிவே இல்லாதவரிடம் இந்த ஏற்றத்தை டாக்டர்கள் லேசாக விடுவதில்லை. ஸ்டீராய்டு போட்டார்களா என்றும் கேளுங்கள், அதுவும் ஏற்றும்.

அதற்காக ஒரேயடியாக இறக்கவும் கூடாது. 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களிடையே இறப்பு கூடியது. இப்போது பொதுவாக 10க்குள் வைத்தால் போதும் என்பார்கள்.

எச்பிஏ1சி எடுக்கச் சொல்லுங்கள், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. 6.5 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், தெரியாமலே இருந்த நீரிழிவு. குறைவாக வந்தாலும், குணமான பிறகு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒருமுறை பார்த்துவிடுங்கள்.