பாடும்போது லேப்டாப்பில் ‘டப் டப்’ சத்தம்: ரேம் கூட்டினால் சரியாகுமா?

ரேம் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். 8 ஜிபி ரேம், விண்டோஸ், டாஸ்க் மேனேஜரில் சிபியு 40 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஆனாலும் பாடி ரெக்கார்ட் செய்யும்போது ஹெட்போனில் ‘டப் டப்’ என்று வெடிக்கிறது என்கிறீர்கள். அந்த 40-ஐ நம்பித்தான் நானும் ரொம்ப நாள் ஏமாந்தேன்.

டாஸ்க் மேனேஜர் காட்டுவது சிபியுவுக்குள் இருக்கும் எல்லா கோர்களின் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின்) சராசரி. ஆடியோவுக்குச் சராசரி உதவாது. ஒலியை லேப்டாப் நொடிக்கு 44,100 சாம்பிள்களாக (44.1 கிலோஹெர்ட்ஸ்) வெட்டி, துண்டு துண்டாகக் கையாள்கிறது; ஒரு துண்டின் அளவுதான் பஃபர். அது 128 சாம்பிள் என்றால், ஒவ்வொரு 2.9 மில்லிசெகண்டுக்கும் அடுத்த துண்டு தயாராக வந்து நிற்க வேண்டும். ஒரே ஒரு துண்டு பிந்தினாலும் அந்த இடத்தில் ‘டப்’. போதாததற்கு, ஒரு டிராக்கில் அடுக்கிய பிளக்-இன்கள் (ரிவெர்ப், ஈக்யூ மாதிரி ஒலியை மாற்றும் குட்டி மென்பொருள்கள்) ஒன்றின் முடிவுக்காக இன்னொன்று காத்திருப்பதால் பொதுவாக ஒரே கோரில்தான் ஓடும். எட்டு கோரில் ஏழு தூங்க, ஒன்று மட்டும் மூச்சு வாங்கும்.

என் கதையைச் சொல்கிறேன். கிடார் ரெக்கார்ட் செய்யும்போது அரை நிமிடத்துக்கு ஒரு ‘டப்’ வரும். பஃபரை 512-க்கு ஏற்றினேன், பிளக்-இன்களை எல்லாம் கழற்றினேன், அப்போதும் வந்தது. கடைசியில், எந்த டிரைவர் ஆடியோவைத் தாமதப்படுத்துகிறது என்று காட்டும் லேட்டன்சிமான் (LatencyMon) என்ற கருவியை ஓடவிட்டேன் (வீட்டு உபயோகத்துக்கு இலவசம்). பட்டியலில் உச்சியில் உட்கார்ந்திருந்தது வைஃபை டிரைவர்! அது பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நேரமெல்லாம் ஆடியோ வாசலில் நிற்கிறது. வைஃபையை அணைத்தேன், அத்தோடு சரி. இன்றும் ரெக்கார்டிங் என்றால் என் கை முதலில் ஏர்பிளேன் மோடுக்குத்தான் போகும்.

பஃபரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு போராடாதீர்கள். பாடும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024. 1024 என்பது 23 மில்லிசெகண்ட், அதுவும் போக வர இரண்டு தடவை. அதில் பாடினால் உங்கள் குரல் உங்களுக்கே பின்னால் வந்து தாளத்தைக் கெடுக்கும். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, குரல் லேப்டாப்புக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ (ASIO, தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவர்) டிரைவரையே போடுங்கள். ஏசியோ4ஆல் (ASIO4ALL) என்ற பொது டிரைவர் அது இல்லாதவர்களுக்கு.

பஃபரை 64-க்குக் குறைத்தும் குரல் பிந்துகிறது என்றால், எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ, முன்கூட்டிப் பார்க்கும் லிமிட்டரோ மாதிரி, ஒலியைக் கொஞ்சம் பிடித்து வைத்து வேலை செய்யும் பிளக்-இன் உட்கார்ந்திருக்கலாம். பாடி முடிக்கும் வரை அதை அணைத்து வையுங்கள். பத்து டிராக்கில் பத்து ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போடுவதும் சிபியுவுக்கு வீண் பாரம்தான். ஒன்றை செண்டில் (பல டிராக்குகள் பகிரும் பொது வழியில்) போட்டால் எல்லாவற்றுக்கும் ஆகும். முடிந்துபோன சிந்த் (மென்பொருள் வாத்தியம்) டிராக்குகளை ஃப்ரீஸ் செய்து, அதாவது ஆடியோவாக மாற்றி வைத்துவிடுங்கள். 44.1-லிருந்து 96 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றும் ஆசையும் இப்போது வேண்டாம், வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும்.

பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள், மின்சாரம் மிச்சப்படுத்த யூஎஸ்பி கருவிகளைத் தூங்க வைக்கும் யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். முதல் அரைமணி நன்றாக ஓடி, அப்புறம்தான் வெடிக்க ஆரம்பிக்கிறது என்றால் சூடு காரணமாக இருக்கலாம். ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய பியானோ, ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்களை ஏற்றும்போது எல்லாம் உறைகிறதா? அப்போது ரேம் நியாயம்தான். ஹார்ட் டிஸ்க் பழைய சுழலும் ரகம் என்றால் எஸ்எஸ்டி அதற்கும் முன்னால்.

இன்று பிராஜெக்டை ஓடவிட்டு, பத்து நிமிடம் லேட்டன்சிமானையும் ஓடவிடுங்கள். முதலிடத்தில் எந்த டிரைவர் வருகிறது என்று கமெண்ட்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.