பாண்டர், பென்சிவ், டெலிபரேட்: யோசனைக்கும் எடைக்கும் என்ன உறவு?

ஆங்கிலத்தில் யோசிப்பதோடு தொடர்புள்ள பாண்டர் (ஆழ்ந்து யோசி), பென்சிவ் (சிந்தனையில் ஆழ்ந்த), டெலிபரேட் (ஆராய்ந்து யோசி) ஆகிய சொற்கள் எடையிலிருந்து வந்தவை என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். மூன்றுமே லத்தீன்காரர்களின் தராசிலிருந்து இறங்கியவை. நாமும் ஆளை எடைபோடுகிறோம், இரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்க்கிறோம். அதனால் இந்த உறவு நமக்கு அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. ரோமானியர் விஷயத்தில் சுவாரசியம் என்னவென்றால், இதற்குள் பணமும் புகுந்துகொண்டது.

அச்சடித்த காசு புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் வெண்கலத் துண்டுகளை நிறுத்துத்தான் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். ஆகவே 'பெண்டெரே' என்ற ஒரே வினைச்சொல் நிறுப்பதற்கும் பணம் கொடுப்பதற்கும் மதிப்பிடுவதற்கும் பொதுவாகிப் போனது. பணம் கொடுக்கும் பக்கத்திலிருந்து எக்ஸ்பென்ஸ், பென்ஷன், ஸ்டைபெண்ட், காம்பென்சேஷன் எல்லாம் வந்தன. நிறுத்துப் பார்க்கும் பக்கத்திலிருந்து பாண்டரும் பென்சிவும் வந்தன. பிரெஞ்சில் 'யோசி' என்பதற்கான பென்சே, 'எடைபோடு' என்பதற்கான பெசே இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஆபீஸ்களில் தினமும் அடிபடும் 'பெண்டிங்' கூட நெருங்கிய சொந்தம்தான். அதன் வேர்ப்பொருள் தொங்குவது. கோப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நாம் சொல்வதும் அதைத்தானே!

பவுண்டின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். லத்தீனில் 'லிப்ரா பாண்டோ' என்றால் எடையில் ஒரு லிப்ரா. லிப்ரா என்பது தராசுக்கும் பெயர், ஓர் எடை அளவுக்கும் பெயர். இந்தத் தொடரை ஆங்கிலம் பாகப்பிரிவினை செய்துவிட்டது. வாயால் சொல்வது இரண்டாவது சொல்லை, அதாவது பவுண்டு. கையால் எழுதுவது முதல் சொல்லை. எடைக்குப் போடும் 'எல்பி' என்ற சுருக்கமும், பண பவுண்டுக்குப் போடும் கோடு கிழித்த 'எல்' குறியும் லிப்ராவிலிருந்து வந்தவை. பணத்துக்கு ஏன் எடையின் பெயர் என்றால், முதலில் ஒரு பவுண்டு வெள்ளியில் 240 பென்னி அடித்தார்கள். எடைத் தொடர்பு எப்போதோ அற்றுப்போன பின்னும், 1971 வரை பிரிட்டனில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னிதான்.

டெலிபரேட்டும் அதே லிப்ராவிலிருந்து வந்ததாகத்தான் அகராதிகள் சொல்கின்றன. முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்துச் செய்வது என்பதால்தான் அதற்கு 'வேண்டுமென்றே' என்ற பொருளும் வந்தது. லிபர்ட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எழுத்துதான் ஏமாற்றுகிறது.

நீங்கள் பட்டியலில் சேர்க்காத இரண்டுதான் என் கணக்கில் முதலிடம். ஒன்று, எக்ஸாமின். லத்தீனில் 'எக்ஸாமென்' என்றால் தராசு முள். பழைய நகைக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தைத் தட்டில் வைத்ததும் ஆசாரி தட்டைப் பார்ப்பதில்லை. முள் எந்தப் பக்கம் ஒரு நூல் சாய்கிறது, எங்கே வந்து நிற்கிறது என்று கண் அங்கேயே இருக்கும். எக்ஸாமின் என்ற சொல்லின் பிறப்பு அந்தப் பார்வையில் இருக்கிறது. இன்றைக்கு அதை மூன்று மணி நேரப் பரீட்சைக்கு வைத்திருக்கிறோம்.

இன்னொன்று ஸ்க்ரூபிள், அதாவது மனச்சாட்சியின் உறுத்தல். லத்தீனில் கூரான சின்னக் கல். செருப்புக்குள் மாட்டினால் எப்படி உறுத்தும், அப்படி மனத்தை உறுத்துவது என்ற பொருள் லத்தீனிலேயே வந்துவிட்டது. அந்தக் கால மருந்துக்காரர்களுக்கோ அதே பெயரில் ஒரு சின்னஞ்சிறு எடை அளவு இருந்தது: 20 கிரெயின், நம் கணக்கில் சுமார் 1.3 கிராம். மருந்தில் அவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் கவலைப்பட வேண்டியதுதானே.

கிரேவ் (தீவிரமான), கிராவிட்டி (ஈர்ப்பு விசை) போன்றவற்றை இதில் சேர்க்காதீர்கள். பொருள் கனம்தான் என்றாலும் வேர் வேறு. ஆனால் கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் லெவலைத் தாராளமாகச் சேர்க்கலாம். 'லிபெல்லா', அதாவது குட்டி லிப்ரா என்ற சொல்தான் பழைய பிரெஞ்சு வழியாக லெவல் ஆகியிருக்கிறது.